சொந்தமாகக் கார் தயாரிக்க இறங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, உள்ளூரிலேயே ஒரு மின்சாரக் காரைச் செய்து விற்றால் என்ன என்ற எண்ணம் கொழும்பில் கராஜ் வைத்திருக்கும் பலருக்கு வந்திருக்கும். தடை நீங்கிய பின்னும் வரியோடு சேர்ந்த கார் விலை அந்த எண்ணத்தை மறக்கவிடுவதில்லை. அவர்கள் முதலில் அறிய வேண்டியது, பையில்லாத தூசு உறிஞ்சிகளால் பெருஞ்செல்வம் ஈட்டிய பிரித்தானியரான ஜேம்ஸ் டைசனின் அனுபவமாகும். 2017 செப்டெம்பரில் மின்சாரக் கார் தயாரிக்கப் போவதாக அறிவித்த அவர், சொந்தப் பணத்தில் ஏறத்தாழ 500 மில்லியன் பவுணைச் செலவிட்ட பின், 2019 ஒக்டோபரில் அதைக் கைவிட்டார்.

அந்தக் கார் ஓடாமற் போகவில்லை. ஏழு இருக்கைகளுடன், ஒருமுறை மின்னேற்றினால் 600 மைல் செல்லும்படி வடிவமைக்கப்பட்ட அதை அவரே ஓட்டியும் பார்த்தார். ஆனால் ஒரு காரை 150,000 பவுணுக்கு விற்றால்தான் போட்ட முதல் திரும்பும் என்று கணக்கு சொன்னது. பெரிய நிறுவனங்கள் மின்சாரக் காரில் வரும் நட்டத்தைப் பெற்றோல், டீசல் கார்களின் இலாபத்தால் ஈடுசெய்ய முடியும். டைசனிடம் விற்பதற்கு வேறு கார் இருக்கவில்லை. விலையைக் கடைசியில் கணக்கிடுவதே இத்துறையின் மிகப் பெரிய தவறு. நம்மூரில் இது இன்னும் எளிதாக நேர்ந்துவிடும்: பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு சோடி பழைய ஜப்பானிய முன்விளக்கு வாங்கி முதல் வண்டியை முடித்துவிடலாம், அதே விளக்கு நூறு சோடி வேண்டுமென்றால் அங்கே கிடைக்காது, புதிதாகச் செய்விக்கும் வார்ப்பு அச்சின் செலவை நூறு வண்டிகளின் மீதே ஏற்ற வேண்டும். முதல் வண்டியின் செலவை வைத்து விற்பனை விலையைத் தீர்மானிப்பவர் இங்கேதான் சறுக்குகிறார்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புதிதாகக் கண்டுபிடிக்க முயல்வது அடுத்த தவறு. திண்மநிலைப் பெற்றரிக்காக (உள்ளே திரவத்துக்குப் பதிலாகத் திண்மப் பொருள் கொண்ட பெற்றரி) டைசன் 2015இல் சக்தி3 என்ற அமெரிக்க நிறுவனத்தை 90 மில்லியன் டொலருக்கு வாங்கினார். அந்தத் தொழில்நுட்பம் காருக்கு உரிய காலத்தில் கைகூடவில்லை. தொழிற்சாலைக்குச் சிங்கப்பூரைத் தேர்ந்ததைப் பலர் குறை கூறினாலும், கட்டி முடிக்கப்படாத தொழிற்சாலை மீது பழி போடுவது பொருந்தாது என்பது என் கருத்து. சந்தைக்கு வரும் ஆண்டை முன்கூட்டியே 2020 என்று அறிவித்து, பிறகு 2021க்குத் தள்ளிப்போட்டதுதான் வீண் நெருக்கடி.

நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாதது அதைவிடக் கொடிய தவறு. வட அயர்லாந்தில் அரசுப் பணத்தோடு தொழிற்சாலை அமைத்த அமெரிக்கக் கார் தயாரிப்பாளர் ஜோன் டெலோரியன், அமெரிக்காவில் விற்பனை மந்தமாக இருந்தபோதே 1981 இறுதியில் உற்பத்தியைக் கூட்டினார். 1982 தொடக்கத்தில் நிறுவனம் கடன் கொடுத்தவர்களின் பிடிக்குள் போயிற்று. அந்த வகையில் டைசன் நிதானமானவர்.

இலங்கையில் முயல்பவர், தகடு வெட்டும் முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் எந்த வகையில் பதிவு கிடைக்கும், எந்தச் சோதனைகள் தேவை என்பதைக் கேட்டு, பதிலை எழுத்தில் பெற வேண்டும். இலக்கத்தகடு இல்லாத வண்டியைக் கொழும்பின் காலி வீதியில் ஓட்டிக் காட்டக்கூட முடியாது.