பம்ப்கின் பைக்குப் பரங்கிக்காய்: வாங்குவதிலிருந்து விழுது வரை

அக்டோபர் பிறந்தால் அமெரிக்கக் கடை வாசல்களில் பரங்கிக்காய் மலைபோல் குவிந்திருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஹாலோவீனுக்கு முகம் செதுக்க விளைவித்தவை. ஹவ்டன் போன்ற அந்த ரகங்களில் நாரும் தண்ணீரும் அதிகம், இனிப்பு கம்மி. பம்ப்கின் பைக்கு (மாவுத் தட்டில் பரங்கி விழுதும் முட்டையும் ஊற்றிச் சுடும் இனிப்பு) வேண்டியது ‘சுகர் பம்ப்கின்’ அல்லது ‘பை பம்ப்கின்’ என்று எழுதி வைத்திருக்கும் சின்னக் காய். உழவர் சந்தையில் விண்டர் லக்சுரி கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள். தோலில் வலை பின்னியது போலிருக்கும், சதை அவ்வளவு மிருது.

இந்தியக் கடையில் துண்டு போட்டு விற்கும் நம்மூர்ப் பரங்கிக்காயிலும் செய்யலாமா? தாராளமாக. டப்பாவில் வரும் லிப்பிஸ் என்ற பிராண்டின் பரங்கி விழுது, டிக்கின்சன் என்ற ரகம். அதுவும் நம்முடையதும் மொஸ்காட்டா என்ற ஒரே தாவர இனம். நன்றாகப் பழுத்து, உள்ளே அடர் ஆரஞ்சாக இருக்கும் துண்டாகப் பாருங்கள்.

முழுக் காயென்றால் ஒன்றரை, இரண்டு கிலோ போதும். காம்பு காய்ந்து ஒட்டியிருக்க வேண்டும், அடிப்பக்கம் அமுங்கக் கூடாது, கைக்குக் கனக்க வேண்டும்.

காம்பை ஒடித்துவிட்டு இரண்டாகப் பிளந்து, விதையையும் நாரையும் வழித்தெடுங்கள். வெட்டிய பக்கம் தட்டில் படும்படி கவிழ்த்து, 200 டிகிரி செல்சியஸில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஓவனில் சுடுங்கள். கத்தி தோலோடு வழுக்கி இறங்கினால் வெந்துவிட்டது. குக்கர் வேண்டவே வேண்டாம். வெளித் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும், சுட்ட வாசனையும் கிடைக்காது. ஆறியதும் சதையை வழித்து அரையுங்கள். எனக்கு ஃபுட் பிராசஸர்தான் பிடிக்கும். மிக்ஸி என்றால் விட்டு விட்டு ஓட்டுங்கள், சொட்டுத் தண்ணீர் சேர்க்காதீர்கள்.

இனிதான் முக்கியமான வேலை. இந்த விழுதை அப்படியே பை மாவுத் தட்டில் ஊற்றினால் நடுவில் கெட்டிப்படாது, அடிமாவும் சொதசொதவென்று ஊறிப்போகும். பை கெட்டியாவது முட்டையால். தண்ணீர் கூடினால் முட்டையால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. அதனால் வடிகட்டியில் மெல்லிய பருத்தித் துணி விரித்து, விழுதைக் கொட்டி, அடியில் பாத்திரம் வைத்து, ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் விடுங்கள். அவசரமென்றால் அகலமான வாணலியில் சின்னத் தீயில் கிளறி வற்ற வையுங்கள். கரண்டியால் கோடு இழுத்தால் அந்தத் தடம் மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். வடிந்த தண்ணீரைச் சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளுங்கள்.

கப் அளவை நம்பாமல் தராசில் நிறுத்துங்கள். பெரும்பாலான செய்முறைகள் 425 கிராம் டப்பாவை வைத்து எழுதியவை. வற்றிய பிறகு 425 கிராம் இருக்க வேண்டும், வற்றுவதற்கு முன் அல்ல. நிறம் டப்பா விழுதைவிட வெளிறியிருந்தால் கவலை வேண்டாம்.

பின்சேர்க்கை: மிச்சத்தை எப்படிச் சேமிப்பது என்று சிலர் கேட்டீர்கள். 425 கிராம் பொட்டலங்களாக ஃப்ரீசரில் வையுங்கள். உருகியதும் மறுபடி தண்ணீர் பிரியும், இன்னொரு முறை வடித்துவிடுங்கள். வீட்டில் ஜாடியில் அடைத்துக் கொதிக்க வைத்துச் சேமிப்பது மட்டும் கூடாது. விழுது கெட்டியாக இருப்பதால் சூடு நடுவரை சீராகப் போய்ச் சேராது, போட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சு உண்டாகலாம். அமெரிக்க வேளாண் துறை விழுதுக்கு அந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை. துண்டுகளுக்கு மட்டும், அதுவும் பிரஷர் கேனரில் (ஜாடிகளை அழுத்தத்தில் சூடாக்கும் பாத்திரம்).