அட்லாண்டிக்கைக் கடக்கும் டிக்கெட்: விலையைப் பார்க்கும்போது செய்யும் தவறுகள்

லண்டனிலிருந்து டாலஸுக்கு டிக்கெட் பார்ப்பவர், நியூயார்க்கைவிட அதிகமாக இருந்தால் 'தூரம் கூட, அதுதான் விலையும் கூட' என்று முடிவுகட்டிவிடுகிறார். முதல் தவறு இதுதான். டவுன் பஸ்ஸில் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் ஏறுவதுபோல விமானக் கட்டணம் ஏறுவதில்லை. எரிபொருள் செலவில் தூரத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் நம்மிடம் கேட்கப்படும் விலை, அந்தத் தடத்தில் எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள் என்பதைத்தான் பெரிதும் பொறுத்தது.

அந்தப் போட்டியாளர்களை எண்ணுவதிலும் பலர் ஏமாறுகிறார்கள். லண்டன்–டாலஸ் நேரடி விமானம் தேடினால் பிரிட்டிஷ் ஏர்வேஸ், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்று இரண்டு பெயர்கள் வரும். இரண்டையும் ஒப்பிட்டுக் குறைந்ததை எடுத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் 2010-இல் அமெரிக்க, ஐரோப்பிய அதிகாரிகளின் அனுமதியோடு இவை இரண்டும் ஸ்பெயினின் ஐபீரியா விமான நிறுவனத்துடன் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. அட்லாண்டிக் தடங்களில் கட்டணத்தையும் நேரத்தையும் கலந்து பேசி வைக்கின்றன, வருமானத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. டெல்டா, வர்ஜின் அட்லாண்டிக், ஏர் பிரான்ஸ்–கேஎல்எம் சேர்ந்தது இன்னோர் அணி. யுனைடெட், லுஃப்தான்சா, ஏர் கனடா மூன்றாவது அணி. ஒரே அணியின் இரண்டு பெயர்களை ஒப்பிட்டுப் பயனில்லை. வேறு அணியையும், அணி சேராதவரையும் பார்க்க வேண்டும். நியூயார்க் தடத்தில் இந்த மூன்று அணிகளும் மோதுகின்றன. 2021-இல் அணி சேராத அமெரிக்க நிறுவனமான ஜெட்புளூவும் லண்டனுக்கு வந்தது. லண்டன்–டொராண்டோ போகும் நம் குடும்பங்கள் ஹீத்ரோவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல், லண்டனின் இன்னொரு விமான நிலையமான கேட்விக்கிலிருந்து பறக்கும் கனடா நிறுவனம் ஏர் டிரான்சாட்டின் விலையையும் பார்ப்பது நல்லது.

வெளியிலிருந்து வருகிற இந்தச் சிறு நிறுவனங்கள்தான் பயணிக்குத் துணை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அவை எளிதில் விழுந்தும் விடுகின்றன. 1977-இல் பிரிட்டிஷ் தொழிலதிபர் ஃபிரெடி லேக்கர் கேட்விக்கிலிருந்து நியூயார்க்குக்கு ஒருவழிக்கு 59 பவுண்டில் ஆள் ஏற்றினார். 1982-இல் அவருடைய நிறுவனம் திவாலானது. ஐஸ்லாந்தின் வாவ் ஏர் 2019 மார்ச்சில் ஒரே நாளில் நின்றுபோனது. நார்வேயின் நார்வேஜியன் நிறுவனம் 2021-இல் நெடுந்தூரப் பறப்பை விட்டது. அதற்காக இவற்றைத் தவிர்க்க வேண்டாம். பணம் கட்டும் முறையில்தான் கவனம் வேண்டும். பிரிட்டனில் 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ள டிக்கெட்டை விமான நிறுவனத்திடமே கிரெடிட் கார்டில் வாங்கினால், நிறுவனம் மூழ்கினாலும் கார்டு நிறுவனத்திடம் பணத்தைக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. டெபிட் கார்டுக்கும் வங்கிப் பரிமாற்றத்துக்கும் அந்தச் சட்டப் பாதுகாப்பு கிடையாது.

அடுத்து வரி. பிரிட்டனிலிருந்து புறப்படும் பயணிக்கு மட்டும் ஏர் பேசஞ்சர் டூட்டி உண்டு. 2026 ஏப்ரல் முதல் அமெரிக்கா, கனடா செல்ல எகானமியில் 102 பவுண்டு, அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 244 பவுண்டு. பிரீமியம் எகானமிக்கும் அதே 244 தான். கொஞ்சம் கால் நீட்டிக்கொள்ளலாம் என்று வகுப்பை மாற்றுபவர், பிசினஸ் பயணியின் வரியைக் கட்டுகிறார்! எகானமியில் பயணம் செய்யும் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த வரி இல்லை.

அயர்லாந்து தன் விமானப் பயண வரியை 2014-இல் நீக்கிவிட்டது. டப்ளினில் பயணத்தைத் தொடங்கி, ஒரே டிக்கெட்டில் லண்டனில் 24 மணி நேரத்துக்குள் மாறிச் சென்றால் பிரிட்டனின் வரியும் விழாது. இதைக் கேள்விப்பட்ட லண்டன்வாசிகள் சிலர், டப்ளினுக்குத் தனியாக ஒரு மலிவு டிக்கெட் எடுத்து, அங்கிருந்து அமெரிக்க விமானம் பிடிக்கப் பார்க்கிறார்கள். பிசினஸ் வகுப்பில் இது லாபமாகலாம். எகானமியில் பெரும்பாலும் வீண் அலைச்சல். முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டால், தனித்தனி டிக்கெட் என்பதால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்; புது டிக்கெட் நம் செலவில்.

ஒரே டிக்கெட்டில் லண்டனில் மாறிச் செல்பவர் செய்யும் வேறொரு பிழை: டப்ளின்–லண்டன் துண்டை விட்டுவிட்டு நேராக ஹீத்ரோவில் ஏறப் பார்ப்பது. முதல் துண்டில் ஏறாவிட்டால் மீதிப் பயணம் முழுவதும் ரத்தாகிவிடும்.

லக்கேஜைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மிகக் குறைந்த கட்டணத்தில் செக்-இன் பெட்டி பெரும்பாலும் சேராது. போகவும் வரவும் பெட்டிக்கான கட்டணத்தைக் கூட்டிய பிறகே ஒப்பிடுங்கள்.

கடைசியாக, ஒரே விமானம் இரண்டு நிறுவனங்களின் எண்களில், சில சமயம் இரண்டு விலைகளில் விற்கப்படும். எந்த எண்ணில் வாங்கினாலும் ஏறப்போவது ஒரே விமானத்தில்தான். ஆனால் நஷ்டஈடு என்று வரும்போது, அதை இயக்குவது யார் என்பதே கணக்கு. லண்டனிலிருந்து நியூயார்க் போகும்போது எந்த நிறுவனமானாலும் பிரிட்டிஷ் சட்டம் பொருந்தும்: நிறுவனத்தின் தவறால் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் 520 பவுண்டு கேட்கலாம். திரும்பி வரும்போது பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய நிறுவனம் இயக்கினால் மட்டுமே அந்த உரிமை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் எண்ணில் வாங்கியிருந்தாலும் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இயக்கினால் கிடைக்காது. இயக்குபவரின் பெயர் புக்கிங் பக்கத்தில் விமான எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். திரும்பி வர இரண்டு விமானங்கள் ஒரே விலையில் வந்தால் அதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.