சாஃப்ட்-டாப் காரில் ஓதம்: கூரையைத் திட்டுவதற்கு முன்னால்

இங்கிலாந்தில் நவம்பர் பிறந்தால் மாலை நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடும். காலையில் காரைத் திறந்தால் முன்கண்ணாடியின் உட்பக்கம் வியர்த்துக் கிடக்கும். துடைத்துவிட்டுக் கிளம்பினால் ஐந்து நிமிடத்தில் மறுபடியும் மூடிக்கொள்ளும். கூடவே, ஈரத் துண்டைப் பைக்குள் இரண்டு நாள் மறந்து வைத்தால் வருமே, அந்த வாடை. துணிக்கூரை கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். எல்லோரும் முதலில் செய்வதும் ஒன்றுதான்: அண்ணாந்து பார்த்துக் கூரையைத் திட்டுவது, அப்புறம் புதுக் கூரைக்கு விலை கேட்பது.

அவசரப்படாதீர்கள். கிழிசலோ தையல் பிரிந்த இடமோ கண்ணுக்குத் தெரியாவிட்டால் துணி பெரும்பாலும் நிரபராதி. நல்ல துணிக்கூரையில் மேலே நெய்த துணி, நடுவில் ரப்பர், அடியில் இன்னொரு துணி என்று மூன்று அடுக்கு உண்டு. தண்ணீரைத் தடுப்பது நடுவில் இருக்கும் ரப்பர். அதோடு, இந்தக் கார்களை வடிவமைத்தவர்கள் ஒரு சொட்டும் உள்ளே வராது என்று நம்பி உட்காரவில்லை. வருகிற தண்ணீர் வெளியே போக வழி வைத்திருக்கிறார்கள், மொட்டை மாடிக்கு வாட்டமும் வடிகுழாயும் வைப்பது மாதிரி. குழாய் வாயில் இலை அடைத்தால் மாடியில் குளம் கட்டிச் சுவரில் ஓதம் இறங்குமே, அதேதான் காரிலும் நடக்கிறது.

மாஸ்டா எம்எக்ஸ்-5-ஐ எடுத்துக்கொள்வோம். 1989-ல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான இந்த இரண்டு சீட் கார் பிரிட்டனில் இன்றும் சர்வ சாதாரணமாகக் கண்ணில் படும். என்னிடம் இருப்பதும் அதுதான், இரண்டாம் தலைமுறை. துணியும் காரின் உடலும் சேரும் பின்விளிம்பில் இறங்கும் தண்ணீரை உள்ளே ஒரு பிளாஸ்டிக் தகடு வாய்க்கால் போலப் பிடித்துக்கொள்கிறது. அதை இரண்டு பக்கமும் கொண்டுபோய், சீட் பெல்ட் தூண்களுக்குப் பக்கத்தில் இருக்கும் துளைகளில் விடுகிறது. அங்கிருந்து குழாய் வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், காருக்கு அடியில் வெளியேறும். இலைத்துணுக்கு, பாசி, சாலைத் தூசி எல்லாம் சேர்ந்து அந்தத் துளையில் கறுப்புச் சேறாக உறைந்துவிட்டால் தண்ணீர் தேங்கி வழியும். கொஞ்சம் சீட்டுக்குப் பின்னால் கார்பெட்டில் இறங்கும். மீதி கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கார்பெட் நனைந்தால் மூக்குக்குத் தெரியும். சில் உள்ளிருந்து துருப்பிடிப்பது யாருக்கும் தெரியாது. பின்சக்கரத்துக்கு முன்னால் பெயின்ட் கொப்புளித்து வெளியே தெரியும்போது உள்ளே இரும்பு பிஸ்கட் பதத்துக்கு வந்திருக்கும். சீட் பெல்ட், சஸ்பென்ஷன் போன்றவை பிடித்திருக்கும் இடங்களிலிருந்து 30 செ.மீ.க்குள் அப்படி அரித்துப்போயிருந்தால் எம்ஓடி என்ற பிரிட்டனின் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையில் கார் தேறாது. வெல்டிங் செலவு, காரை வாங்கிய விலையை எட்டிப்பார்க்கும்.

சரி, அடைப்பை எடுத்துவிடலாம் என்று இறங்குபவர்கள் அடுத்த தவறைச் செய்கிறார்கள். நானும் செய்தேன். சட்டை மாட்டும் கம்பி ஹேங்கரை நிமிர்த்தித் துளைக்குள் விட்டுக் குத்தினேன். எதிலோ முட்டி நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், சட்டென்று வழி கிடைத்தது. பரம சந்தோஷம். ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினேன், மடமடவென்று இறங்கியது. குனிந்து சக்கரத்துப் பக்கம் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. குழாயை அதன் இணைப்பிலிருந்து கழற்றி விட்டிருக்கிறேன். அந்த ஒரு லிட்டரும் என் கையாலேயே சில்லுக்குள் போயிருக்கிறது. கம்ப்ரசர் காற்றை மேலிருந்து முழு வேகத்தில் அடித்தாலும் இதே கதிதான்.

சரியான வழி இது: முதலில் துளையின் வாயில் இருக்கும் சேற்றை ஸ்பூனால் அள்ளுங்கள், அல்லது வேக்குவம் வைத்து உறிஞ்சுங்கள். பிறகு புல் வெட்டும் மெஷினில் மாட்டும் தடித்த நைலான் இழையை ஒரு மீட்டர் எடுத்து, நுனியை லைட்டரில் காட்டி மொட்டையாக்கிக்கொள்ளுங்கள். திருகித் திருகி மெதுவாக உள்ளே விட வேண்டும், குத்தக் கூடாது. அப்புறம் அரை லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கீழே வருகிறதா என்று பாருங்கள். இடதும் வலதும் ஒரே வேகத்தில் வர வேண்டும். இலையுதிர்காலம் முடிந்ததும் ஒரு முறை, வசந்தத்தில் ஒரு முறை. மரத்தடியில் நிறுத்துபவர்களுக்கு அதுவும் போதாது.

நனைந்த இடத்தையே ஒழுகும் இடம் என்று முடிவு கட்டுவதும் பொதுவான தவறு. ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஓடு உடைந்தது ஓர் இடம், சட்டத்தில் ஓடிவந்து சொட்டுவது வேறு இடம். கால் வைக்கும் பள்ளம் நனைந்திருந்தால் கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங் காரணமாக இருக்கலாம். கதவின் உள்ளட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் பிரிந்திருக்கலாம். ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். தொட்டால் பிசுபிசுப்பு, முகர்ந்தால் இனிப்பு வாடை என்றால் அது மழையே இல்லை, ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். டிக்கி நனைந்தால் பின்விளக்குகளைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

கண்டுபிடிக்கப் பிரஷர் வாஷரைத் தூக்காதீர்கள். அந்த வேகத்தில் நல்ல பீடிங்கும் தண்ணீர் விடும், நீங்கள் தவறான இடத்தைப் பிடித்துக்கொள்வீர்கள். பூவாளி போதும். கீழே ஆரம்பித்து மேலே போங்கள், ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து எது எதுவென்று தெரியாது. உள்ளே டார்ச்சும் டிஷ்யூ பேப்பருமாக உட்காரப் பொறுமையான ஓர் ஆள் வேண்டும். என் மகனை உட்கார வைக்க எனக்கு ஒரு பீட்சா செலவானது.

இடம் தெரிந்ததும் கடையில் கிடைக்கும் சிலிக்கானை வாங்கி அப்புவார்கள். பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும் வேலை அது. வினிகர் வாடை அடிக்கும் வகை சிலிக்கான் உலரும்போது அமிலம் விடும், இரும்புக்கு ஆகாது. ஒரு முறை அது பட்ட இடத்தில் பிறகு வேறு எதுவும் ஒழுங்காக ஒட்டாது. பல நேரம் பீடிங் கெட்டிருக்காது, அழுந்தாமல் இருக்கும். எம்எக்ஸ்-5-ல் முன்கண்ணாடிச் சட்டத்தில் கூரையை மாட்டும் கொக்கிகளைத் திருகிச் சற்று இறுக்கிக்கொள்ளலாம். மிதமான சோப்புத் தண்ணீரில் பீடிங்கைத் துடைத்து, உலர்ந்த பிறகு சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவினால் ரப்பர் மறுபடி மெத்தென்று ஆகும். வாசலின் வேண்டாம், பெட்ரோலிய வகை ரப்பரை ஊத வைக்கும்.

உலர்த்துவதிலும் ஏமாறுகிறோம். கார்பெட்டைத் தொட்டால் காய்ந்திருக்கும். அடியில் தடித்த ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்துவிட்டு வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். சீட்டுக்கு நாலு போல்ட்தான், என் காரில் 14 நம்பர் பாக்ஸ் ஸ்பேனர். கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, ஸ்பாஞ்சைப் பிழிந்து, வீட்டுக்குள் காய வையுங்கள். சீட்டுக்குள் ஏர்பேக் இருக்கும் கார் என்றால் பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்ட பிறகே ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரில் கை வைக்க வேண்டும். ஈரம் உறிஞ்சும் பைகள் காற்றின் ஈரத்துக்குத்தான், நனைந்த ஸ்பாஞ்சுக்கு அவை யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதிலும் கால்சியம் குளோரைடு டப்பா கவிழ்ந்தால் உப்புத் தண்ணீர் தரைத் தகட்டில் பரவும்.

தரை நனைந்திருந்தால் சாவியைத் திருப்புவதற்கு முன் ஒரு கணம் நில்லுங்கள். முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரில் அலாரத்தையும், திருடன் காரைக் கிளப்பாமல் தடுக்கும் இம்மொபிலைசரையும் இயக்கும் கன்ட்ரோல் யூனிட் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. முதல் பிஎம்டபிள்யூ இசட்4-ல் கூரையை மடக்கும் மோட்டாரே வடிகால் பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. வடிகால் அடைத்தால் மோட்டார் மூழ்கும். தண்ணீரில் கிடக்கும் பெட்டிக்குக் கரன்ட் கொடுத்துச் சாகடிப்பதைவிட, பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பொறுமையாக உலர்த்துவது எவ்வளவோ மலிவு.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். ஈரக் கூரையை மடக்கி வைத்தால் பூசணம் பூக்கும். நனைந்த காருக்கு மேல் காற்றுப் போகாத பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளே ஆவியாகிய ஈரம் மறுபடி காரிலேயே இறங்கும். நீர்த்தடுப்பு மருந்தைப் பாசி படிந்த துணியின் மேலேயே தெளிக்காதீர்கள், கழுவி முழுக்கக் காய்ந்த பிறகுதான் பிடிக்கும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 வைத்திருந்தால் பிளாஸ்டிக் பின்கண்ணாடியின் ஜிப்பைத் திறந்து கீழே படுக்க வைத்துவிட்டுத்தான் கூரையை இறக்க வேண்டும். ஜனவரிக் குளிரில் அது அப்பளம் மாதிரி விறைத்திருக்கும். அன்று கூரையைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.