குழந்தை உங்களிடம் வாய் திறந்தால்: புதிய வகுப்பாசிரியருக்கு ஒரு பாதுகாப்புச் செய்முறை

பாடக்குறிப்பு எழுதவும், வருகைப் பதிவேடு போடவும், மதிப்பெண் பட்டியல் தயாரிக்கவும் பயிற்சி கிடைக்கிறது. ஆனால் பள்ளி விடும் நேரத்தில் ஒரு மாணவி பையை மாட்டாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்து, "மிஸ், நான் வீட்டுக்குப் போகல" என்றால் என்ன செய்வது? அதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. வகுப்பாசிரியராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கவனிப்பது, கேட்பது, எழுதுவது, உரியவரிடம் ஒப்படைப்பது ஆகிய நான்கும் உங்கள் வேலை. உண்மையா பொய்யா, குற்றவாளி யார் என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. இந்தக் கோட்டைத் தாண்டினால்தான் பெரும்பாலும் விஷயம் கெட்டுப்போகிறது.

படி 1: பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பு யார்? அவர் விடுப்பில் இருந்தால் யார்? புகாரே அவர் மீதோ தலைமையாசிரியர் மீதோ என்றால் வெளியே யாரிடம் போவது? மூன்றுக்கும் விடை இன்றே தெரிந்திருக்க வேண்டும். உங்கள் பகுதிக் குழந்தைகள் உதவி எண்ணையும் காவல் எண்ணையும் ஃபோனில் பதிந்துவையுங்கள். ஆசிரியர் புகார் தெரிவிப்பது பல நாடுகளில் சட்டப்படி கட்டாயம். உங்களுக்குப் பொருந்தும் விதி என்ன என்று தலைமையாசிரியரிடம் கேட்டுவிடுங்கள். "கொள்கை ஆவணம் இருக்கிறது, பீரோவில் இருக்கிறது" என்று பதில் வந்தால், அதை வெளியே எடுக்கச் சொல்லிப் படியுங்கள்.

படி 2: வழக்கம் மாறுவதைக் கவனியுங்கள்

குழந்தைகளுக்கு நேரும் கொடுமையை உடல்ரீதியான வன்முறை, மனரீதியான வன்முறை, பாலியல் வன்முறை, புறக்கணிப்பு என்று நான்காகப் பிரிப்பது வழக்கம். மற்ற மூன்றையும் கேள்விப்பட்டதும் நாம் பதறுகிறோம். புறக்கணிப்பு மட்டும் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. தினமும் அதே அழுக்குச் சட்டை, வைத்தியம் பார்க்காத பல்வலி, முதல் வகுப்பிலேயே பசியில் தூங்கி விழுவது, கூட்டிப்போக யாரும் வராமல் வாசலில் தனியாக நிற்பது. ஒவ்வொன்றையும் தனியே பார்த்தால் சின்ன விஷயம்தான். சேர்த்துப் பார்க்க வருகைப் பதிவேடு கைகொடுக்கும். திங்கட்கிழமை மட்டும் வராத பிள்ளை, ஒரு குறிப்பிட்ட உறவினர் வந்து தங்கும் வாரங்களில் வராத பிள்ளை என்று அதில் தெரியும்.

காயங்களைப் பொறுத்தவரை இடம் முக்கியம். ஓடியாடும் பிள்ளைக்கு முட்டி, கணுக்கால் எலும்பு, நெற்றி என்று எலும்பு துருத்தும் இடங்களில் அடிபடும். காது, கழுத்து, கன்னம், முதுகு, வயிறு, பிட்டம் ஆகிய இடங்களில் கன்றிப்போயிருந்தால் கவனியுங்கள். நிறத்தை வைத்து "இது மூணு நாள் பழசு" என்றெல்லாம் கணிக்க வேண்டாம். மருத்துவர்களாலேயே அப்படி உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

ஒரே ஓர் அடையாளம் எதையும் நிரூபிக்காது. கலகலப்பாக இருந்தவன் ஊமையாவதும், அமைதியானவள் திடீரென்று எரிந்து விழுவதும் வீட்டில் ஒரு சாவு நடந்ததாலும் இருக்கலாம். காரணம் தேடாமல், பார்த்ததைத் தேதியோடு குறித்துவையுங்கள். "அவங்க நல்ல குடும்பம்" என்று மனம் சமாதானம் சொல்லும்போது கூடுதலாகவே கவனியுங்கள். அடிபட்ட குழந்தைகளைப் பற்றி அமெரிக்க மருத்துவர் ஹென்றி கெம்பியும் சக மருத்துவர்களும் 1962இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே இது வருகிறது: பெற்றோர் இப்படிச் செய்திருப்பார்கள் என்று நம்ப மருத்துவர்களுக்கே மனம் வருவதில்லை.

படி 3: பிள்ளை பேச ஆரம்பித்தால்

இந்தப் படியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

பிள்ளைகள் நேரம் குறித்துவிட்டுச் சொல்ல வருவதில்லை. நோட்டை நீட்டும்போதோ, நீங்கள் கரும்பலகையை அழிக்கும்போதோ, பாதி வாக்கியம் வந்து விழும். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் உயரத்துக்கு உட்காருங்கள். கதவு திறந்தே இருக்கட்டும். உங்கள் முகத்தில் அதிர்ச்சி தெரிந்தால் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்" என்று கேட்பார்கள். பண்ணாதீர்கள். "எல்லார்கிட்டயும் சொல்ல மாட்டேன்டா. ஆனா உனக்கு உதவி பண்ணக்கூடிய ஒருத்தர்கிட்ட மட்டும் நான் சொல்லியே ஆகணும். அவர் யாருன்னு உனக்கும் சொல்றேன்." இப்படிச் சொன்னால் பிள்ளை பின்வாங்கிவிடுமோ என்று பயமாக இருக்கும். சில சமயம் பின்வாங்கவும் செய்யும். ஆனாலும் பொய் வாக்குக் கொடுத்து, அது உடைந்து, அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாமல் போவதைவிட இது மேல்.

கேள்விகளைக் குறையுங்கள். "என்ன நடந்துச்சு, சொல்லு", "அப்புறம்?", "இன்னும் கொஞ்சம் சொல்றியா?" ஆகியவை போதும். "மாமா உன்னைத் தொட்டாரா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியில் விடை இருக்கிறது. மாமாவைக் கொண்டுவந்தது நீங்கள், பிள்ளை இல்லை. இதற்கு வரலாறே சாட்சி. 1980களில் கலிபோர்னியாவில் ஒரு மழலையர் பள்ளி மீது எழுந்த புகாரில், பிள்ளைகளிடம் விடையை ஊட்டும் கேள்விகள் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டன. வழக்கு பல ஆண்டுகள் நீண்டு, 1990இல் ஒருவருக்கும் தண்டனை இல்லாமல் முடிந்தது. அங்கே நடந்தது என்ன என்பதையே அந்தக் கேள்விகள் குழப்பிவிட்டன.

"ஏன் முன்னாடியே சொல்லல?" என்பது பழிபோல விழும். "அவங்க அப்படிப் பண்ண மாட்டாங்களே" என்பது கதவை அறைந்து சாத்துவது. துணியை விலக்கிக் காட்டச் சொல்லாதீர்கள். ஃபோட்டோ, வீடியோ, ஒலிப்பதிவு எதுவும் வேண்டாம். இன்னொரு ஆசிரியரைக் கூப்பிட்டு "இவங்ககிட்டயும் சொல்லும்மா" என்று மறுபடி சொல்லவைக்க வேண்டாம்.

முடிக்கும்போது இதைச் சொன்னால் போதும்: "நீ சொன்னது நல்லது. இதுல உன் தப்பு எதுவும் இல்ல. இப்ப நான் இன்னாரைப் போய்ப் பார்க்கப் போறேன்."

படி 4: அன்றே எழுதுங்கள்

நினைவு சூடாக இருக்கும்போது, கையால் எழுதினாலும் போதும். இப்படி எழுதுவது வீண்: "மாணவி வீட்டில் கொடுமைப்படுத்தப்படுகிறாள் எனத் தெரிகிறது." இது உங்கள் முடிவு. கீழே இருப்பது பதிவு:

"செவ்வாய், காலை 10.40, வகுப்பறை, இடைவேளை. நானும் மாணவியும் மட்டும். கதவு திறந்திருந்தது. இடது கையைப் பின்னால் வைத்திருந்தாள். 'கையில என்ன?' என்றேன். 'சித்தப்பா முறுக்கிட்டாரு' என்றாள். 'என்ன நடந்துச்சு, சொல்லு' என்றேன். 'ராத்திரி. நான் டிவியை நிறுத்தல' என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கம் விரல் அகலத்தில் இரண்டு ஊதாத் தடங்கள். 11.05க்குப் பொறுப்பாளரிடம் நேரில் தெரிவித்தேன்."

பிள்ளை சொன்ன வார்த்தை கொச்சையாக இருந்தாலும் அப்படியே எழுத வேண்டும். திருத்தி எழுதினால் அது உங்கள் வாக்குமூலம் ஆகிவிடும். நீங்கள் கேட்டதையும் எழுதுங்கள். கையெழுத்து, தேதி, நேரம் போடுங்கள்.

படி 5: கைமாற்றுங்கள்

நாளை வரை தள்ளாதீர்கள். பிள்ளை அன்று வீட்டுக்குப் போவது பாதுகாப்பா என்று முடிவெடுக்க வேண்டியவருக்குப் பள்ளி விடும் முன்பே தகவல் போக வேண்டும். உடனடி ஆபத்து என்றால் நேராகக் காவல் துறைக்கோ மருத்துவமனைக்கோ.

"இந்தச் சின்ன விஷயத்துக்கா?" என்று தயங்குபவர்களுக்கு ஓர் உதாரணம். லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற 8 வயதுச் சிறுமி, தன்னை வளர்ப்பதாக அழைத்துச் சென்ற உறவினரின் சித்திரவதையால் 2000ஆம் ஆண்டு இறந்தாள். மருத்துவமனை, சமூக நலத் துறை, காவல் துறை என்று பலரும் அவளைப் பார்த்திருந்தார்கள். லார்ட் லேமிங் தலைமையிலான விசாரணை 2003இல் அறிக்கை தந்தது. அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய 12 சந்தர்ப்பங்கள் நழுவியதாக அது சொன்னது. ஆளுக்கொரு துண்டுத் தகவல் வைத்திருந்தார்கள், ஒட்டிப் பார்க்க ஆளில்லை. உங்கள் குறிப்பும் அப்படியொரு துண்டாக இருக்கலாம்.

ஆசிரியர் அறையில் பேச்சாக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் பெயர் இல்லாமல் போட்டாலும் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். சந்தேகம் வீட்டில் இருப்பவர் மீது என்றால், பொறுப்பாளரைக் கேட்காமல் வீட்டுக்கு ஃபோன் போடவே கூடாது. அந்த அழைப்பின் விலையைப் பிள்ளைதான் அன்றிரவு கொடுக்கும். புகார் சக ஆசிரியர் மீது என்றாலும் நடைமுறை இதேதான். "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே" என்ற நல்லெண்ணம் இங்கே ஆபத்து.

படி 6: குடும்பத்தை எதிரியாக்காதீர்கள்

மேலே சொன்னதையெல்லாம் படித்தால் பெற்றோரையே சந்தேகிக்கச் சொல்வதுபோல இருக்கும். ஆனால் பெரும்பாலான வீடுகளுக்குத் தேவைப்படுவது விசாரணை இல்லை, ஒரு கை உதவி. அது ஆண்டின் முதல் ஃபோன் அழைப்பிலேயே தொடங்குகிறது. புகார் சொல்வதற்கு முன்னால் ஒரு முறையாவது, "உங்க பையன் இன்னிக்கு நல்லா படிச்சுக் காட்டினான்" என்று சொல்லக் கூப்பிட்டிருக்க வேண்டும். பள்ளியிலிருந்து ஃபோன் என்றாலே வயிற்றைக் கலக்கும் வீட்டில் யாரும் உண்மையைப் பேச மாட்டார்கள்.

தாமதமாகக் கூட்டிப்போகும் அம்மாவிடம், "ஏன் தினமும் லேட்?" என்று கேட்டால் சாக்குத்தான் கிடைக்கும். "கொஞ்ச நாளா நீங்க ஓடிவர்ற மாதிரி இருக்கும்மா. வேலை நேரம் மாறிடுச்சா?" என்று கேட்டால் ஷிப்ட் மாறியதோ, கணவர் வீட்டை விட்டுப் போனதோ வெளியே வரும். அப்போது அறிவுரையை விழுங்கிவிட்டு, பள்ளியில் கூடுதல் நேரம் இருக்க வைக்க முடியுமா, கட்டணத்துக்கு அவகாசம் கிடைக்குமா, ஆலோசகர் உண்டா என்று பாருங்கள். யார் யார் பிள்ளையைக் கூட்டிப்போகலாம் என்ற பட்டியலையும் அப்படியே புதுப்பித்துக்கொள்ளுங்கள். பெற்றோர் பிரிந்திருந்தால் நீதிமன்ற உத்தரவின் நகல் கோப்பில் இருக்கட்டும்.

பெற்றோர் கூட்டத்தில் அரை மணி நேரம் கிடைத்தால் நான் பேசுவது இவற்றைத்தான். "தெரியாதவங்ககிட்டப் பேசாதே" என்று மட்டும் சொல்லி வளர்ப்பது போதாது, ஏனென்றால் பாலியல் தொல்லை பெரும்பாலும் தெரிந்தவரிடமிருந்தே வருகிறது. "நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்" பாடத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு. கிச்சுகிச்சு மூட்டலாக, விளையாட்டாக, பரிசோடு தொடங்கும்போது பிள்ளைக்கு அது கெட்டதாகவே படாது. அதைவிட எளிய விதி: உள்ளாடை மறைக்கும் இடத்தை யாரும் பார்க்கவோ தொடவோ, தங்களுடையதைத் தொடச் சொல்லவோ கூடாது. குளிப்பாட்டவோ வைத்தியத்துக்கோ என்றால் ஒளிவுமறைவு இருக்காது. எதையும் ரகசியமாக வைக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும், வீட்டில் சொல்லிவிட வேண்டும். உடல் உறுப்புகளுக்குச் சரியான பெயரைச் சொல்லிக்கொடுங்கள். அப்போதுதான் பிள்ளை சொல்வது மற்றவருக்குப் புரியும்.

ஃபோன் விஷயத்தில் ஒரே ஒரு வேண்டுகோள்: "ஏதாவது தப்பு நடந்தா ஃபோனைப் பிடுங்கிடுவேன்" என்று மிரட்டாதீர்கள். அந்தப் பயத்தினாலேயே பிள்ளை மறைக்கும். முன்பின் அறியாதவர் படம் கேட்டு மிரட்டினால் பதில் அனுப்ப வேண்டாம், பணம் கட்ட வேண்டாம், உரையாடலை அழிக்க வேண்டாம். நேராகக் காவல் துறையிடம் போகலாம். ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளையின் அந்தரங்கப் படம் என்று தெரிந்தால் அதைப் பார்க்காதீர்கள், உங்கள் ஃபோனுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். எத்தனை நல்ல எண்ணத்தோடு செய்தாலும் பல நாடுகளில் அது குற்றம்.

அடித்து வளர்ப்பது பற்றிக் கேள்வி வரும். ஸ்வீடன் 1979இலேயே வீட்டிலும் அடிப்பதைத் தடைசெய்தது என்றால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கோபம் தலைக்கேறும்போது வேறு என்ன செய்யலாம் என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். பெற்றோரிடம் பெற்றோர் சொல்வது நம் அறிவுரையைவிட நன்றாக எடுபடும்.

படி 7: அதற்குப் பிறகு

புகார் போன மறுநாளும் அந்தப் பிள்ளை உங்கள் வகுப்பில்தான் உட்காரும். பரிதாபப் பார்வை வேண்டாம், மறுபடி விசாரிக்கவும் வேண்டாம். வழக்கம்போல வீட்டுப்பாடம் கேளுங்கள். தினமும் ஒரு முறை கண்ணைப் பார்த்துப் பேசினால் போதும். என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்ற முழு விவரமும் உங்களுக்குச் சொல்லப்படாது. அது முறைதான். ஆனால் எதுவுமே நகரவில்லை என்று தோன்றினால் மறுபடி எழுத்தில் கேளுங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் படி 1இல் குறித்த வெளி எண் இருக்கிறது.

பிள்ளை வேறு பள்ளிக்கு மாறினால், மாற்றுச் சான்றிதழோடு பாதுகாப்புக் கோப்பும் போக வேண்டும். உறையை ஒட்டி, அங்குள்ள பொறுப்பாளர் பெயருக்கு மட்டும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவையுங்கள்.