ஓய்வுக்காலத்தில் சிக்கனமும் சந்தோஷச் செலவும்: கணக்கு போடும் முறை

பணி ஓய்வு வரை எண்ணி எண்ணிச் செலவழித்தவருக்கு, ஓய்வு பெற்ற பிறகு தாராளமாகச் செலவழிக்க மனசு வராது. ‘இனிமேல் அனுபவிக்கலாம்’ என்று சொல்லிக்கொள்வதால் மட்டும் அது மாறாது. அதற்கான பணத்தை முன்கூட்டியே தனியாகப் பிரித்து வைக்க வேண்டும்.

கடந்த 12 மாத வங்கிக் கணக்கை எடுத்துக்கொண்டு, தவிர்க்க முடியாத செலவு, விருப்பச் செலவு என இரண்டாகப் பிரியுங்கள். காப்பீட்டுத் தவணை, வீட்டு ரிப்பேர் போல எப்போதாவது வருபவற்றையும் 12-ஆல் வகுத்து மாதக் கணக்கில் சேருங்கள். பலர் இதை விட்டுவிட்டு, அந்தத் தவணை வந்ததும் பதறிப்போய் போட்டிருந்த பயணத்தை ரத்து செய்கிறார்கள்.

தவிர்க்க முடியாத செலவில் ஓய்வூதியம் போகத் துண்டு விழும் தொகையைப் பாருங்கள். ஓராண்டுக்கான அந்தத் தொகையும் மருத்துவ அவசரத்துக்கான பணமும் உடனே எடுக்கும்படி தனியே இருக்கட்டும்.

மீதிச் சேமிப்பில் எவ்வளவு எடுக்கலாம்? முதல் ஆண்டு 4% எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனால் பணம் 30 ஆண்டுகள் தாங்கும் என்று அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-ல் கணக்கிட்டார். அது அமெரிக்கச் சந்தையின் கணக்கு. எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருந்தாது. சீக்கிரமே ஓய்வு பெற்றவர் 3 அல்லது 3.5 சதவீதத்தில் தொடங்குவது நல்லது.

ஆண்டுக்கு ஒருமுறை சரிபாருங்கள். சேமிப்பு 100, எடுப்பது 4 என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பு 80-ஆகச் சரிந்தால் அதே 4 என்பது 5% ஆகிவிடும். தொடங்கிய விகிதத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால், அதாவது இங்கே 4.8 சதவீதத்தைத் தாண்டினால், எடுக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள்; முதலில் குறைய வேண்டியது விருப்பச் செலவு. சேமிப்பு 130-ஆக வளர்ந்து விகிதம் அதேபோல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து, இங்கே 3.2-க்குக் கீழே போனால் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். சிக்கனக்காரர்கள் முதல் பாதியைத் தவறாமல் செய்வார்கள், இரண்டாவதைச் செய்யவே மாட்டார்கள். தயவுசெய்து செய்யுங்கள்.

விருப்பச் செலவுக்கென்று தனிக் கணக்கும் தனி அட்டையும் வைத்து, மாதம் பிறந்ததும் பணம் தானாக அதற்குப் போகும்படி செய்யுங்கள். மிஞ்சுவதைச் சேமிப்புக்குத் திருப்பாதீர்கள். பெரிய பயணத்துக்காக ஓராண்டு வரை சேரட்டும். கணவன் மனைவி இருவருக்கும் கணக்கு கேட்காத ஒரு பங்கு இருந்தால் சண்டை குறையும். பிள்ளைகளுக்குக் கொடுப்பது இதிலிருந்து போகக் கூடாது. நடையும் படியேற்றமும் வேண்டிய பயணங்களை முதல் பத்தாண்டிலேயே முடித்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டியது, மாதாமாதம் திரும்பி வரும் சந்தோஷங்களை. ஒரு பயணம் அன்றோடு முடிந்துவிடும். கிளப் சந்தா, பெரிய கார், இரண்டாவது வீடு எல்லாம் பராமரிப்புச் செலவோடு வரும். கையெழுத்துப் போடும் முன் ஓராண்டுச் செலவைக் கூட்டி, தவிர்க்க முடியாத பட்டியலில் எழுதிப் பாருங்கள்.

விலை ஒப்பிட்டு வாங்குவது, பயன்படாத சந்தாவை நிறுத்துவது போன்ற பழக்கங்கள் தொடரட்டும். பல் சிகிச்சை, காது கேட்கும் கருவி, குளியலறைக் கைப்பிடி ஆகியவற்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம்: வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் ஆகும் செலவுக்கு முன் அந்தக் கைப்பிடியின் விலை ஒன்றுமே இல்லை.