தாளத்திலிருந்து நிரலுக்கு: பிள்ளைகளுக்குக் கோடிங் கற்பிக்க ஒரு வழி

முதல் சில வகுப்புகளில் கணினியைத் திறக்கவே வேண்டாம். கோடிங் கற்பிக்க முன்வரும் பெற்றோரும் ஆசிரியரும் திரையிலிருந்தே தொடங்கிவிடுவதால், பிள்ளைகள் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைத்தான் முதலில் கற்றுக்கொள்கிறார்கள். கட்டளைகளை ஒழுங்குபடுத்தும் திறன் பின்தங்கிவிடுகிறது. திருநெல்வேலிச் சீமையில் வளரும் பிள்ளைக்கோ கோயில் கொடையில் கேட்ட வில்லுப்பாட்டும், விடிய விடிய நடக்கும் கணியான் கூத்தும், பள்ளி ஆண்டு விழாவில் ஆடிய கோலாட்டமும் கும்மியும் காதுக்கும் காலுக்கும் ஏற்கெனவே பழகியவை. வரிசை, திரும்பச் செய்தல், நிபந்தனை, பிழையைக் கண்டுபிடித்தல் என்று நிரல் எழுதுவதற்கு வேண்டிய அடிப்படைகள் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. உடல் தானாகச் செய்வதை, அது தெரியாத இன்னொருவரும் படித்துச் செய்யும்படி துல்லியமாக எழுதப் பழக்குவதே கற்பிப்பவரின் வேலை.

ஆதி தாளத்தில் தொடங்குங்கள். ஒரு தட்டு, சுண்டு விரலிலிருந்து மூன்று விரல் எண்ணுதல், பிறகு தட்டும் வீச்சும் இரண்டு முறை. மொத்தம் 8 எண்ணிக்கை. பிள்ளைகளை இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் இதைக் கட்டளைகளாகத் தாளில் எழுதவும் மற்றவர் எழுதியதை மட்டும் அப்படியே செய்யவும் சொல்லுங்கள். "கையைத் தட்டு" என்று எழுதினால், எந்தக் கையை எதன்மேல் தட்டுவது, எத்தனை முறை தட்டுவது என்ற கேள்விகள் உடனே எழும். நாலைந்து முறை திருத்திய பிறகு பெரும்பாலும் இந்த வடிவத்துக்கு வந்து சேர்வார்கள்:

வலது கையைத் தொடைமேல் தட்டு
சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல் எண்ணு
இரண்டு முறை செய்: தட்டு, வீசு
மறுபடி முதல் வரிக்குப் போ

இதுவே அவர்கள் எழுதும் முதல் நிரல். மூன்றாம் வரியில் ஒரு சிறிய சுற்றும், கடைசி வரியில் முடிவில்லாத ஒரு பெரிய சுற்றும் இருப்பதைப் பிள்ளைகளே கவனித்துச் சொல்லும்வரை காத்திருங்கள்.

அடுத்ததாகப் பின்னல் கோலாட்டம். இதற்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். இந்த வழி முழுவதிலும் மிக வளமான பகுதி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. மேலே ஒரு வளையத்திலோ கம்பத்தின் உச்சியிலோ வண்ணக் கயிறுகளைக் கட்டி, பிள்ளைக்கு ஒரு கயிறு கொடுத்து, 1 முதல் 8 வரை எண்ணிட்டு வட்டமாக நிறுத்துங்கள். முதன்முறையாகச் செய்பவர்களுக்கு நான்கு பேரே போதும். ஒற்றைப்படை எண்ணுள்ளவர்கள் ஒரு திசையிலும் இரட்டைப்படை எண்ணுள்ளவர்கள் எதிர்த்திசையிலும் நடக்க வேண்டும். ஒற்றைப்படையினருக்கான கட்டளை, எதிரில் வரும் முதல் ஆளை வெளிப்பக்கமாகவும் அடுத்த ஆளை உட்பக்கமாகவும் கடப்பது. இரட்டைப்படையினர் முதலில் உட்பக்கமாகவும் அடுத்து வெளிப்பக்கமாகவும் கடப்பார்கள். இரண்டே வரியுள்ள இந்தக் கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்தால் போதும், மேலே பின்னல் விழத் தொடங்கும்.

யாராவது ஒருவர் பக்கம் மாறிக் கடந்துவிட்டால் பின்னல் அந்த இடத்தில் முரண்பட்டு நிற்கும். அப்போது நீங்கள் திருத்தவே கூடாது. ஆட்டத்தை நிறுத்தி, எந்த நிறக் கயிறு ஒழுங்கு மாறியிருக்கிறது, அது எத்தனையாவது கடப்பில் நடந்தது என்பதைப் பிள்ளைகளே பின்னலைப் பார்த்துச் சொல்லட்டும். தவறு செய்தது யார் என்ற பேச்சைத் தவிர்த்து, தவறு எந்த வரியில் இருக்கிறது என்ற பேச்சுக்கு அவர்களைப் பழக்கிவிட்டால், பின்னாளில் கணினியில் நிரல் ஓடாதபோது கலங்காமல் தேடும் பொறுமை தானாக வந்துவிடும். பின்னலை அவிழ்ப்பது இன்னும் சுவையானது. கடைசியாக யாரை எந்தப் பக்கமாகக் கடந்தார்களோ அவரையே அதே பக்கமாக முதலில் பின்னோக்கிக் கடக்க வேண்டும். கட்டளை வரிசை முழுவதும் தலைகீழாகிறது. ஆடத் தொடங்கும் முன்பே அவிழ்க்கும் வரிசையை எழுதித் தரச் சொல்லி, அதன்படி ஆடிப் பாருங்கள். எழுதியது சரியாக இருந்தால் கயிறுகள் சிக்கலின்றிப் பிரிந்துவிடும்.

வில்லுப்பாட்டைச் சுருக்கமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். தலைமைப் பாடகர் ஒரு வரி சொல்லி நிறுத்தியதும் பின்பாட்டுக்காரர்கள் "ஆமா" என்று ஏற்றுக்கொள்வது, செய்தி வந்தால் மட்டும் செயல்படு என்ற நிபந்தனைதான். கணியான் கூத்தில் இரண்டு மகுடங்கள் (பறை போன்ற தோல்கருவிகள்) ஒரே நேரத்தில் வெவ்வேறு அடியைத் தந்தும் ஒரே தாளத்தில் நிற்பது, இரண்டு நிரல்கள் அருகருகே ஓடுவதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டையும் வகுப்பில் ஒருமுறை நடித்துக்காட்டச் சொன்னால் போதும்.

இப்போது கணினிக்கு வரலாம். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்க்ராட்ச் ஏற்றது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் உருவாகி 2007-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த இந்த மென்பொருள் முற்றிலும் இலவசம்; ஒருமுறை பதிவிறக்கி நிறுவிவிட்டால் இணைய இணைப்பு இல்லாமலும் இயங்கும் என்பதால், பள்ளிக் கணினி ஆய்வகத்திலும் வீட்டில் உள்ள பழைய மடிக்கணினியிலும் பயன்படுத்தலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்காத ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு, படங்களாலேயே கட்டளை தரும் ஸ்க்ராட்ச் ஜூனியர் இருக்கிறது.

ஸ்க்ராட்ச்சின் இடது கீழ் மூலையில் உள்ள பொத்தானை அழுத்தி இசைப் பகுதியைச் சேர்த்துக்கொண்டால், 18 வகைத் தாள ஒலிகளும் 21 வகை இசைக்கருவி ஒலிகளும் கிடைக்கும். வேகம் 60 என்று இருந்தால் நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை, அதாவது நொடிக்கு ஒன்று. முன்பு தாளில் எழுதிய ஆதி தாளத்தை அப்படியே பிளாக்குகளாக, அதாவது ஒன்றோடொன்று பொருத்தும் கட்டளைக் கட்டங்களாக, அடுக்கச் சொல்லுங்கள். 8 நொடியில் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, முடிய வேண்டும். முடியாவிட்டால் எங்கோ ஓர் எண்ணிக்கை கூடியிருக்கிறது அல்லது விடுபட்டிருக்கிறது என்பதைக் கூடவே கைத்தாளம் போடும் பிள்ளையின் காது முதலில் கண்டுகொள்ளும்.

இந்த நிலையில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும் பயிற்சி தீர்மானம், அதாவது ஒரு சொற்கட்டை மூன்று முறை சொல்லித் தாளத்தின் தொடக்கத்தில் வந்து சேர்வது. "ததிங்கிணதொம்" என்ற சொற்கட்டு 5 அட்சரம் (த, திங், கி, ண, தொம்). மூன்று முறை சொன்னால் 15. எண்ணிக்கைக்கு இரண்டு அட்சரம் என்று வைத்தால் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில் 16 அட்சர இடங்கள் உண்டு. அப்படியானால் தீர்மானம் முடிந்தவுடன் சமம் (தாளத்தின் முதல் தட்டு) விழ வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது? ஓர் அட்சரம் விட்டுத் தொடங்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் கணக்கிட்ட பிறகு, அரை எண்ணிக்கை ஓய்வு, அதன்பின் மூன்று முறை திரும்பச் செய்யும் பிளாக், அதற்குள் அரை எண்ணிக்கை வீதம் ஐந்து அடிகள் என்று அடுக்கட்டும். அந்த ஐந்து அடிகளைத் தனி பிளாக்காக்கி அதற்குத் "ததிங்கிணதொம்" என்று தமிழிலேயே பெயரும் வைக்கலாம். பல கட்டளைகளைத் தொகுத்து ஒரே பெயரால் அழைக்கும் பழக்கம் இங்கே உருவாகிறது.

மாறியை, அதாவது நிரலில் மதிப்பை மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு பெயரை, கற்பிக்கப் பரதநாட்டியத்தின் மூன்று காலங்கள் (வேகங்கள்) உதவும். "தையா தை" என்ற சொல்லுக்குத் தட்டடவு கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு, அடவு மாறாமல் வேகம் மட்டும் இரட்டிப்பதும் மறுபடி இரட்டிப்பதும் தெரியும். "காலம்" என்று ஒரு மாறியை அமைத்து, வேகத்தைக் குறிக்கும் பிளாக்கில் அதை வைத்து, அதன் மதிப்பை 60, 120, 240 என்று மாற்றி ஓடவிட்டால், நிரலில் வேறு ஒரு வரியைக்கூடத் தொடாமல் மூன்று காலமும் ஒலிக்கும்.

ஸ்க்ராட்ச்சில் மிருதங்கமோ மகுடமோ கிடையாது. ஆகவே தாத்தா பாட்டியிடமோ ஊரில் வாசிப்பவர்களிடமோ ஓர் அடியை ஒலிப்பதிவு செய்து சேர்த்துக்கொள்ளுங்கள். அதை முடியும்வரை ஒலிக்கவிடும் பிளாக்கில் வைத்தால், பதிவின் நீளம் தாளத்தைக் குலைத்துவிடும். ஒலியைத் தொடங்க மட்டும் செய்யும் பிளாக்கை வைத்து, அதையடுத்து அரை எண்ணிக்கை ஓய்வு தருவதே சரி.

ஆடும் பொம்மைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மென்பொருளிலேயே நடன நிலைகளுடன் சில உருவங்கள் உண்டு. பிள்ளை தானே அரைமண்டி, நாட்டு போன்ற பரதநாட்டிய நிலைகளில் நின்று எடுத்த படங்களையும் ஏற்றலாம். ஆட்டத்தின் இடைவெளியை நொடிக் கணக்கிலும் தாளத்தை எண்ணிக்கைக் கணக்கிலும் எழுதிவிட்டால், வேகத்தை மாற்றிய உடனே காலும் தாளமும் பிரிந்துபோகும். வில்லுப்பாட்டில் நடித்ததை இங்கே கையாளுங்கள்: தாள நிரல் ஒவ்வொரு சமத்திலும் "சமம்" என்ற செய்தியை அனுப்பட்டும், ஆடும் உருவம் அது கிடைத்தவுடன் முதல் நிலைக்கு வரட்டும். ஒலியளவு குறிப்பிட்ட எண்ணைத் தாண்டினால் இயங்கத் தொடங்கும் பிளாக்கும் உண்டு. பிள்ளை கைதட்டினால் பொம்மை ஆடும்.

ஒரு கணினியை மூவர் பகிர நேர்ந்தால், ஒருவர் பிளாக் அடுக்க, ஒருவர் தாளில் எழுதியதைப் படிக்க, ஒருவர் தாளம் போட்டுச் சரிபார்க்கட்டும். நாளுக்கு நாள் முறை மாறட்டும். உண்மையில் தனியாக உட்காரும் பிள்ளையைவிட இப்படிக் கற்பவர்களின் நிரல் தெளிவாக அமைகிறது.

தாளம் கைவந்தபின் ராகத்துக்குப் போகலாம். ஸ்க்ராட்ச்சில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் எண் உண்டு. 60-ஐ சட்ஜமாக (ச) கொண்டால் மோகன ராகத்தின் ஆரோகணம் (ஏறும் சுர வரிசை) 60, 62, 64, 67, 69, 72 என்று அமையும். சரளி வரிசை பாடத் தெரிந்தவர்களுக்கு, அது அமைந்த ராகமான மாயாமாளவகௌளை 60, 61, 64, 65, 67, 68, 71, 72. பன்னிரண்டு வயதளவில் பிளாக்குகளை விட்டு எழுத்து வடிவ நிரலுக்கு மாற விரும்பும் பிள்ளைக்கு, இசைக்கென்றே உருவான சோனிக் பை என்ற இலவச மென்பொருளைக் கொடுங்கள். அதில் கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும்; ஆனால் சுர எண்கள் இதே எண்கள்தான், ஆகவே மோகனத்துக்கு எழுதிவைத்த தாளை அப்படியே பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்கலாம்.