விகரஸ்லி: நாற்றங்காலில் நின்று ஒரு ஆங்கிலச் சொல்

மன்னார்குடிப் பக்கம் குறுவைக்கு நாற்றுப் பறிக்கும்போது வரப்பில் நின்று பாருங்கள். பறித்த கைப்பிடி நாற்றைத் தண்ணீரில் சளப் சளப்பென்று அடித்து, வேரில் ஒட்டிய சேறு போக அலசுவார்கள். அந்த வேகமும் அழுத்தமும் சேர்ந்ததுதான் விகரஸ்லி (vigorously).

படி 1: வாயில் வரவழையுங்கள்

வி-க-ரஸ்-லி. அழுத்தம் 'வி'யில். 'விகடகவி'யில் வரும் அதே 'க', 'ஜ' இல்லை. விகர் என்ற பெயர்ச்சொல்லை பிரிட்டிஷார் 'ஓ யூ ஆர்' என முடிப்பார்கள், அமெரிக்கர்கள் 'ஓ ஆர்' என்று. விகரஸ்லியில் அந்த 'ஓ'வுக்கும் 'ஆர்'க்கும் நடுவே 'யூ' போட்டால் இரண்டு ஊரிலும் தப்பு.

படி 2: வினையைப் பார்த்துப் பொருள் சொல்லுங்கள்

அகராதி 'தீவிரமாக' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதை எல்லா இடத்திலும் ஒட்டவைத்தால் 'உலை தீவிரமாகக் கொதித்தது' என்று வந்து நிற்கும். நம் வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்?

பாயில் விகரஸ்லி: தளதளவென்று கொதிப்பது.
ரப் விகரஸ்லி: அழுத்தித் தேய்ப்பது.
டினை விகரஸ்லி: அடித்து மறுப்பது.
க்ரோ விகரஸ்லி: பயிர் தளதளவென்று வளர்வது.

முதலுக்கும் கடைசிக்கும் ஒரே தளதள! உலைக்கும் சம்பாப் பயிருக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்; ஆங்கிலமும் அப்படித்தான். இதன் லத்தீன் வேருக்கே செழித்திருப்பது, உயிர்ப்போடு இருப்பது என்றுதான் பொருள்.

படி 3: இடம்

வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே நுழைக்காதீர்கள். 'ஷேக் விகரஸ்லி தி பாட்டில்' தவறு. 'ஷேக் தி பாட்டில் விகரஸ்லி' சரி. வினைக்கு முன்னாலும் வரும்: 'தி ஃபார்மர்ஸ் விகரஸ்லி அப்போஸ்டு தி ப்ராஜெக்ட்'. ஹைட்ரோகார்பன் திட்டத்தை டெல்டா விவசாயிகள் எதிர்த்ததைச் சொல்ல இந்த வாக்கியம் அப்படியே பொருந்தும்.

படி 4: எங்கே கூடாது

ஐப்பசி மழை எவ்வளவு கொட்டினாலும் அது 'ஹெவிலி'தான். உறுதியாக நம்புகிறேன் என்பதற்கு 'ஸ்ட்ராங்லி'. நம்பிக்கையில் கை காலை ஆட்டும் வேலை ஏதும் இல்லையே. பொதுவாக, யாராவது மெனக்கெட்டு, விடாமல் செய்தால் விகரஸ்லி. உயிருள்ளது செழித்தால் விகரஸ்லி. கொதிநீர் மாதிரி சில மட்டும் இந்தக் கணக்கில் அடங்காத செல்லப்பிள்ளைகள்.

கும்பகோணம் டிகிரி காபியை டபராவில் ஆற்றுவதற்குப் போடலாமா? இலக்கணம் தடுக்காது. நான் போடமாட்டேன், அப்படி விகரஸ்லி ஆற்றினால் பாதி காபி தரையில்தான்.